டெலீட் ஆகாத வைரஸ்.. 'ரீட் ஒன்லி' பென் டிரைவை லினக்ஸில் சுத்தம் செய்வது எப்படி?

பிரிண்ட் எடுக்கக் கொடுத்த பென் டிரைவ் திரும்பி வந்ததும், உள்ளே ஃபோல்டர்களைக் காணோம். எல்லாம் ஷார்ட்கட்டாக இருக்கிறது. சரி, லினக்ஸ்ல போட்டு அழிச்சிடலாம்னு பார்த்தா, 'ரீட் ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று மெசேஜ் வருகிறது. உடனே ஃபார்மட் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க!

பூட்டியது வைரஸா?

பெரும்பாலும் இல்லை. 'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் பிடுங்கியிருந்தால், டிரைவின் ஃபைல் பட்டியலில் பிழை ஏற்படலாம். ஃபேட்32 டிரைவில் அப்படியொரு பிழை தட்டுப்பட்டதும், மேலும் கெட்டுவிடக்கூடாது என்று லினக்ஸே எழுதுவதை நிறுத்திவிடும். சில டிரைவ்களில் பக்கவாட்டில் சின்ன லாக் சுவிட்ச் இருக்கும், அதையும் ஒருமுறை பாருங்கள்.

முதல் வேலை காப்பி

எழுதத்தான் தடை, படிக்கத் தடையில்லை. விண்டோஸில் மறைந்த ஃபைல்கள் லினக்ஸில் சாதாரணமாகவே தெரியும். சில வைரஸ்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாதது போல் தெரியும் ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும், அதைத் திறந்து பாருங்கள். போட்டோ, டாக்குமென்ட்டை மட்டும் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். ஷார்ட்கட், ஆட்டோரன் ஃபைல், தெரியாத இஎக்ஸ்இ, விபிஎஸ் எதையும் தொட வேண்டாம். விண்டோஸ் வைரஸ் லினக்ஸில் தானாக ஓடாதுதான். ஆனால் காப்பியோடு சேர்ந்து அடுத்த விண்டோஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். சந்தேகம் இருந்தால் கிளாம்ஏவி ஸ்கேனரில் ஒரு சோதனை போடலாம்.

அப்புறம் ரிப்பேர்

உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' ஆப்பைத் திறந்து, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து அன்மவுண்ட் செய்து, 'ரிப்பேர் ஃபைல்சிஸ்டம்' கொடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துவிடாமல், சைஸை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பிறகு கழற்றிச் செருகினால் பூட்டு விலகியிருக்கும். இப்போது அந்த ஷார்ட்கட், ஆட்டோரன் ஃபைல்களை அழிக்கலாம். காப்பி எடுத்தாச்சுன்னா, ஃபார்மட்டே போட்டுவிடுவது இன்னும் சுலபம்.

அப்பவும் அழியலையா?

பர்மிஷன் மாத்துறது, சுடோ போட்டு அழிக்கிறது என்று நேரத்தை வீணாக்க வேண்டாம். மெமரி தேய்ந்துவிட்டால், இருக்கும் டேட்டாவையாவது காப்பாற்ற, டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்பே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்வது உண்டு. அதில் ஃபார்மட்டும் நடக்காது, வைரஸும் போகாது. அந்த டிரைவை யாருக்கும் கொடுக்காமல் உடைத்துப் போட்டுவிடுங்கள்.