கைப்பேசிக்குள் ஒன்பது கேள்விகள்

மலேசியத் தமிழர் யாரிடமாவது ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று சொல்லிப் பாருங்கள். பேராக்கில் இருக்கும் அந்த ஊர் நினைவுக்கு வராது. 1911-இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனைதான் வரும். “அங்கே கொண்டு போய் விட்டுடுவாங்க” என்ற கேலி தலைமுறைகள் தாண்டியும் ஓயவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஜோசியரிடம் மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டுகிறவர்கூட, அதையே மருத்துவரிடம் சொல்வதென்றால் தயங்குகிறார். யாராவது பார்த்துவிடுவார்களோ, வேலையிடத்தில் தெரிந்துவிடுமோ என்ற கவலை.

யாரும் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. அது கையிலேயே இருக்கும் கைப்பேசி.

கோவிட் காலத்தில், 2020-இல், நாடே தரவிறக்கம் செய்த அரசாங்கத்தின் மைசெஜாத்ரா செயலியில் இரண்டு ஆண்டுகள் கழித்து மனநலப் பரிசோதனையும் சேர்ந்தது. இத்தகைய பரிசோதனைகளில் உலகெங்கும் அதிகம் புழங்குவது பி.எச்.கியூ-9 என்ற வினாத்தாள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, பசி போனதா, வேலையில் கவனம் நிற்கவில்லையா என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மூன்று நிமிடம்கூட ஆகாது.

ஒன்பதாவது கேள்விதான் கனமானது. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா? நேருக்கு நேர் கேட்டால் “சேச்சே, அதெல்லாம் இல்லை டாக்டர்” என்று மழுப்புகிறவர்கள் உண்டு. இயந்திரத்திடம் அந்தக் கூச்சம் குறைகிறது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1973-லேயே தற்கொலை எண்ணம் பற்றி நோயாளிகளைக் கணினி கேட்டது. மருத்துவரைவிடக் கணினியிடம் சொல்வதையே விரும்பியவர்கள் அங்கே கணிசமாக இருந்தார்கள். மலேசியாவிலோ உண்மையைச் சொல்லப் பயப்பட இன்னொரு காரணமும் இருந்தது. தற்கொலை முயற்சி குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 2023-இல்தான் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

கணினியை ஏன் இவ்வளவு நம்ப வேண்டியிருக்கிறது? ஆள் இல்லை, அதனால்தான். 2018 நிலவரப்படி நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 1.27 மனநல மருத்துவர்கள். தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2019-இல் வயது வந்தோரில் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023-இல் 4.6 விழுக்காடு ஆனது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர்!

அப்படியென்றால் ஆலோசனையையும் கணினியே சொல்லட்டுமே என்று கேட்கலாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1966-இல் ஜோசப் வைசன்பாம் எழுதிய ‘எலிசா’ நிரல், சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. அதனுடன் மனம்விட்டுப் பேசிய அவருடைய செயலாளரே, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரை அறையைவிட்டு அனுப்பினாராம். வைசன்பாம் பெருமைப்படவில்லை, கலங்கிப்போனார். பெங்களூரின் ‘வைசா’ போன்ற இன்றைய செயலிகள் எவ்வளவோ தேர்ந்தவை. ஆனாலும் கிள்ளானில் ஓர் அக்கா “ஒரே பெனிங்கா (தலைசுற்றலா) இருக்கு, நெஞ்சு அடைக்குது, ஒண்ணுமே ஓடல” என்றால், அது தலைவலியா, கடன் தொல்லையா, வீட்டில் அடி உதையா என்று கேட்டறிய அந்த வட்டாரத்துக் காது வேண்டும்.

சென்னையின் ஸ்கார்ஃப் மனநலத் தொண்டு நிறுவனம் 2010-இல் புதுக்கோட்டையில் செய்தது இதற்கு நல்ல உதாரணம். ஒரு பேருந்துக்குள் காணொளி வசதி வைத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். திரையில் சென்னை மருத்துவர், பக்கத்தில் அந்தப் பகுதியின் பணியாளர், கிளம்பும்போது கையில் மருந்து. ஊர் ஊராகப் போக முடியாத மருத்துவரைக் கணினி கொண்டுவந்து சேர்த்தது. நோயாளியின் பக்கத்தில் இருந்தது மனிதர்தான். கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் இதுவே பொருந்தும். மதிப்பெண்ணைக் காட்டிவிட்டு “மருத்துவரை அணுகவும்” என்று கைகழுவும் செயலி அரைகுறைதான். பத்தைத் தாண்டியவரை, அவர் சம்மதத்தோடு, மறுநாளே ஒருவர் தமிழில் அழைத்துப் பேச வேண்டும்.

இன்னொரு பயமும் நியாயமானதே. பின்லாந்தின் வஸ்தாமோ என்ற உளச்சிகிச்சை நிறுவனத்திலிருந்து திருடப்பட்ட குறிப்புகளை வைத்து, 2020-இல் நோயாளிகளுக்கே மிரட்டல் கடிதம் போனது. பாதிக்கப்பட்டவர்கள் 30,000 பேருக்கு மேல். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. இந்த ஓட்டையை அடைக்காமல், வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்பது முறையல்ல.

இப்போதைக்குச் செயலி எதுவும் இல்லாமலேயே உதவி கேட்கலாம். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வலர்களின் எண் 03-7627 2929. 1970 முதல் இயங்கும் அந்த அமைப்பின் தொலைபேசியை 24 மணி நேரமும் மனிதர்களே எடுக்கிறார்கள்.