காயமுற்ற வௌவால் குட்டி: கையாளும் முறையும் ரேபிஸ் தடுப்பும்

தூத்துக்குடி மாவட்டத்தின் பனந்தோப்புகளிலும் ஊர்ப்புறத்து ஆல், புளிய மரங்களிலும் பழந்தின்னி வௌவால்கள் தங்குகின்றன. காய்ந்து தொங்கும் பனையோலைகளுக்கிடையே ஒதுங்குவது சிறிய குட்டைமூக்கு வௌவால். உயர்ந்த மரங்களில் பகலெல்லாம் கூட்டமாகத் தொங்குவது பெரிய பழவௌவால். இரண்டும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். பிறந்த குட்டி முதற் சில வாரங்கள் தாயின் மார்பைப் பற்றியபடியே அதனுடன் பறக்கிறது. பிடி தளர்ந்தாலோ, தாய் மின்கம்பியில் அடிபட்டாலோ, பழமரத்தின் மேல் விரித்த பழைய மீன்வலையில் சிக்கினாலோ குட்டி தரையில் விழுந்துவிடுகிறது. விழுந்ததைக் காகமும் பூனையும் விட்டுவைப்பதில்லை.

அவ்வாறு கிடக்கும் குட்டியை இரக்கத்தால் வெறுங்கையில் எடுத்துவிடுவது மனித இயல்பு. அதனைத் தவிர்க்க வேண்டும்.

வெறுங்கையால் தொடலாகாது, ஏன்?

ரேபிஸ் என்றதும் நாய் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. ரேபிஸ் வைரஸ் சார்ந்த லிஸ்ஸா வைரஸ் பேரினத்தைச் சேர்ந்த வேறு சில வைரஸ்கள் வௌவால்களில் காணப்படுகின்றன. 1996ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், வௌவால்களைப் பேணி வந்த பெண்மணி ஒருவர் இத்தகைய வைரஸால் உயிரிழந்தார். நமக்கு எதிர்க்கரையான இலங்கையில், கண்டிக்கு அருகில் கன்னொருவைப் பகுதியில் இறந்து கிடந்த பெரிய பழவௌவால்களின் மூளைத் திசுவில் புதிய லிஸ்ஸா வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டதை 2016இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. நம் ஊர் மரங்களில் தொங்குவதும் அதே இனமே. 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 உயிர்களைப் பறித்த நிபா வைரஸின் இயற்கைப் புகலிடமும் இவ்வினமே. அவ்வைரஸ் வௌவாலின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் வெளிப்படக்கூடும்.

இதனால் வௌவால்கள் அனைத்தும் நோயுற்றவை என்று கொள்ளலாகாது. மரத்தில் தங்கும் கூட்டத்தால், அதைத் தொடாத வரையில், அஞ்சத்தக்கது மிகக் குறைவு. கூட்டத்தை விரட்டுவதும் மரத்தை வெட்டுவதும் தேவையற்றவை. ஆலும் இலுப்பையும் பரவுவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. எச்சரிக்கை தேவைப்படுவது, தரையில் கிடக்கும் வௌவாலிடம். நலமான வௌவால் எளிதில் மனிதர் கைக்கு எட்டாது.

முதல் சில மணி நேரம்

குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் விலக்குங்கள். தடித்த தோல் கையுறை அணிந்து, மடித்த துண்டினால் குட்டியை மூடி எடுத்து, காற்றுத்துளை இட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். வௌவால் தலைகீழாகத் தொங்கினால்தான் அமைதியடையும். ஆகவே பெட்டியின் உட்சுவரில் மேலிருந்து ஒரு துணி தொங்கட்டும். ரோமம் முளைக்காத குட்டி விரைவில் குளிர்ந்துவிடும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால் போதும். இறந்த தாயைப் பற்றியிருக்கும் குட்டியைப் பிய்த்தெடுக்க வேண்டாம். தாயுடன் சேர்த்தே பெட்டியில் வையுங்கள்.

பால் புகட்டாதீர்கள். குளிர்ந்து சோர்ந்த குட்டியின் வாயில் ஊற்றும் பால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுத்துவிடும். நல்ல மனத்துடன் செய்யும் இப்பிழையால் இறக்கும் குட்டிகள் உண்டு.

உடனடியாக மாவட்ட வன அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். பட்டியலில் இடம்பெற்ற காட்டுயிர் கைக்கு வந்தால் 48 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்திலோ உரிய அலுவலரிடமோ அறிவிக்க வேண்டும் என்பது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. முன்னர் பழந்தின்னி வௌவால்கள் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது. வீட்டில் வைத்து வளர்க்க எண்ணுவோர் ஒன்றை அறிதல் நன்று: பெரிய பழவௌவால் குட்டி பல மாதங்கள் பால் குடிக்கும், பின்னர் தன் இனத்தோடு பறந்து பழக வேண்டும். மனிதருடன் தனித்து வளர்ந்தது மீண்டும் காட்டில் பிழைப்பது அரிது. ரேபிஸ் முன்தடுப்பூசி செலுத்திக்கொண்ட, பயிற்சி பெற்றவரே இப்பணியை ஏற்கத்தக்கவர்.

கடி அல்லது கீறல் ஏற்பட்டால்

வௌவாலின் பற்குறி கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்கலாம். காயம் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அவ்விடத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடங்கள் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுங்கள். வௌவால் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டில் வைத்திருந்ததற்குக் கடிந்துகொள்வார்களோ என்று மறைப்பது ஆபத்து. வௌவாலுடனான நேரடித் தொடர்பை உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் வகை, அதாவது மிகக் கடுமையான தொடர்பாகக் கருதுகிறது. தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தோலினுள் செலுத்தும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாள்களில் போடப்படும். தவணை எதனையும் தவறவிடலாகாது. ரேபிஸ் அறிகுறி தோன்றிய பின் மருந்தில்லை.

அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல், கடுந்தலைவலி, மூச்சுத்திணறல், மனக்குழப்பம் தோன்றினால் 104 எண்ணை அழைத்து, வௌவாலைத் தொட்ட நாளையும் தெரிவியுங்கள்.

குட்டி இறந்துவிட்டால் குப்பையில் எறியாமல், வனத்துறையிடம் தெரிவித்த பின், கையுறையுடன் நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். பயன்படுத்திய துண்டையும் கையுறையையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள், அட்டைப்பெட்டியை எரித்துவிடலாம்.