தூய அறையில் உடையணியும் முறை

புனேயை அடுத்த ஆகுர்டிக்கு அண்மையில், பிம்பிரியில், 1954-ஆம் ஆண்டு இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தோன்றியது. அங்கு ஆக்கப்பட்ட பெனிசிலின் கடும் வெப்பத்தைத் தாங்காது. எனவே குப்பியில் அடைத்தபின் சூடேற்றிக் கிருமிகளை அழித்தல் இயலாது. அடைக்கும் அறையே கிருமியற்றதாயிருத்தல் வேண்டும். அவ்வறைக்குள் கிருமிகளைக் கொணர்பவன் பெரும்பாலும் மனிதனே. அவன் தோலிலிருந்து நுண்செதில்கள் ஓயாது உதிர்கின்றன. ஆகவே அங்குள்ள உடை, மருந்தை மனிதனிடமிருந்து காக்கிறது.

ஊழியர் மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் களைந்து, கைகளைக் கழுவுதல் வேண்டும். பின்னர்த் தலைமூடி, அங்கி, காலுறை என மேலிருந்து கீழாக அணிதல் நலம். அங்கி தரையிற் படலாகாது. அதன் வெளிப்புறத்தை வெறுங்கையால் தொடலாகாது. கையுறையின் விளிம்பு அங்கிக் கையின் முனையை மூடவேண்டும். உடை கிழியின் உடனே வெளியேறி மாற்றுதல் கடமை.

ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். மாணவன் கையிற் சுண்ணப்பொடி பூசிக் கரிய அங்கியை அணியச்செய்க. தவறித் தொட்ட இடமெல்லாம் வெண்மையாய்த் தெரியும்.