தொப்பி வந்தது, நிலம் வந்ததா?

2023 ஜூலையில் வெளியான ‘பார்பி’ படத்தையும் பழைய கௌபாய் படங்களையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுவது திரைப்பட ரசிகர்களிடையே வழக்கமாகிவிட்டது. தேவதானத்திலும் இராஜபாளையத்திலும் இந்த விவாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ‘பார்பி’ ஒரு பொம்மையை விற்பதற்காக எடுக்கப்பட்ட படம். கௌபாய் படங்களோ வீரத்தையும் நீதியையும் பேசுபவை என்பது மூத்த ரசிகர்களின் வாதம். இந்தப் பிரிவினை சரியானதன்று என்பது என் கருத்து. கௌபாயும் ஒரு பொம்மைதான். அந்தப் பொம்மை நம் ஊருக்கு வந்தபோது எதைக் கொண்டுவந்தது, எதை விட்டுவந்தது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

குதிரை ஏறிய பொம்மை

பார்பி 1959இல் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் அறிமுகமானது. அதன் துணைவனான கென் 1961இல் வந்தது. கிரேட்டா கெர்விக் இயக்கிய படத்தில் இவ்விருவரும் பொம்மை உலகை விட்டு லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு வருகிறார்கள். அங்கே அவர்கள் அணிந்துகொள்வது கௌபாய் உடை. இது தற்செயலானதன்று. தனக்கென்று ஓர் அடையாளம் இல்லாத கென், குதிரையும் தொப்பியும் ஆணின் அதிகாரத்துக்கு அடையாளங்கள் என்று எண்ணிக்கொள்கிறான். பொம்மை உலகுக்குத் திரும்பி, பெண்களின் வீடுகளைக் கைப்பற்றுகிறான். ஆணாதிக்கம் என்பது குதிரைகளைப் பற்றியதன்று எனத் தெரிந்ததும் தனக்கு ஆர்வம் குறைந்துவிட்டதாகப் பின்னர் ஒப்புக்கொள்கிறான். கௌபாய் என்னும் பிம்பத்தை இதைவிடக் கூர்மையாகக் கேலி செய்த காட்சிகள் அண்மைக் காலத்தில் குறைவு.

இருபது ஆண்டு வாழ்க்கை, நூறாண்டுக் கதை

உண்மையான கௌபாய்கள் மாடு ஓட்டிய கூலித் தொழிலாளர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு, டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே இரயில் நிலையங்களுக்கு ஓட்டிச் செல்வது அவர்களது வேலை. கயிறு வீசுவதையும் சேணத்தையும் அவர்கள் மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களிடமிருந்து கற்றார்கள். கறுப்பினத்தவரும் அவர்களில் கணிசமாக இருந்தனர். முள்வேலியும் இரயில் பாதைகளும் பரவியதும், ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அந்தத் தொழில் ஒடுங்கிவிட்டது.

ஆனால், திரைப்படம் அவர்களை விடவில்லை. 1903இல் வெளியான ‘தி கிரேட் டிரெயின் ராபரி’ தொடங்கி, கூலிக்கு மாடு ஓட்டியவன் தனிமனித நீதியின் காவலனாக மாற்றப்பட்டான். அந்த மாற்றத்தில் மறைந்துபோனது நிலம். அது யாருடையது? அங்கிருந்த பூர்வகுடி மக்கள் எங்கே போனார்கள்? ‘மெக்கன்னாஸ் கோல்டு’ படத்தை நம் ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். அந்தப் பொற்புதையல் அபாச்சி மக்களுடையது என்பதை அவர்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? மலை இடிந்து சரியும் காட்சிதான் மனத்தில் நிற்கிறது.

நம் ஊர் கௌபாய்கள்

தமிழில் இந்த வகைப் படங்களுக்கு வழி வகுத்தவர், ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன். ஜெய்சங்கர் நடிக்க ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972), ‘எங்க பாட்டன் சொத்து’ (1975) எனத் தொடர்ந்து எடுத்தார். தெலுங்கில் 1971இல் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ வந்தது. விஜயலலிதா துப்பாக்கி ஏந்திய ‘ரவுடி ராணி’ அதற்கும் ஓராண்டு முந்தையது. தேவர் பிலிம்ஸின் ‘தாய் மீது சத்தியம்’ (1978) ரஜினிகாந்துக்குத் தொப்பி அணிவித்தது.

இவற்றை வெறும் நகல்கள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஜப்பானின் ‘செவன் சாமுராய்’ அமெரிக்காவில் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ ஆனது. அதன் சாயல் ‘ஷோலே’யிலும் படிந்தது. கதைகள் இப்படிப் பயணம் செய்வது இயல்பு. நம்மவர்கள் கௌபாய்க்குத் தாய்ப்பாசத்தையும் பழிவாங்கும் சபதத்தையும் கொடுத்தார்கள். எனினும், அவன் எந்த நிலத்தில் நிற்கிறான் என்று அவர்களும் கேட்கவில்லை. எந்த ஊர் என்று சொல்ல இயலாத வறண்ட வெளியில் அவன் குதிரை ஓட்டினான். தாயின் கண்ணீருக்கு அந்தக் கதைகளில் இடமிருந்தது, பட்டாவுக்கு இல்லை. 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ படத்தில் இந்த மரபையே அன்போடு கேலி செய்தார்.

சிவகாசி தந்த மாற்று

திரை தராத ஒன்றை எங்கள் மாவட்டத்துச் சிவகாசியின் அச்சகங்கள் தந்தன. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் வந்த லயன் காமிக்ஸும் ஐரோப்பியச் சித்திரக் கதைகளைத் தமிழில் கொண்டுவந்தன. அவற்றில் இன்றளவும் வாசகர்கள் கொண்டாடும் நாயகன் டெக்ஸ் வில்லர். 1948இல் இத்தாலியில் பிறந்த இந்தக் கதாநாயகன் ஒரு நவஹோ பெண்ணை மணந்தவன். அம்மக்களின் தலைவன். ‘இரவுக் கழுகு’ என்பது அவர்கள் அவனுக்கு இட்ட பெயர். நில மோசடிக்காரர்களையும் ஊழல் அதிகாரிகளையும் எதிர்த்து அவன் நிற்கிறான். வெள்ளையன் ஒருவனே பூர்வகுடிகளைக் காக்க வேண்டியிருக்கிறது என்ற குறை இக்கதைகளில் உண்டு. ஆயினும், செவ்விந்தியர் என்றாலே அம்பெய்யும் கூட்டம் என்ற சித்திரத்தைப் பல தமிழ்ச் சிறுவர்களின் மனத்தில் முதலில் கலைத்தவை இவைதாம்.

பாண்டிய நாட்டின் மேற்கு

‘பார்பி’ வெளியான அதே ஆண்டின் நவம்பரில் கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’ வந்தது. தன்னை ‘பாண்டியா வெஸ்டர்ன்’ என்று அது அழைத்துக்கொண்டது. 1970களின் மதுரையில், கிளிண்ட் ஈஸ்ட்வுட்டின் ரசிகனான ஒரு ரவுடி தன்னை நாயகனாக வைத்துப் படமெடுக்க விரும்புகிறான். கதை மெல்ல மெல்ல காட்டுக்குள் நகர்ந்து, அவன் பிறந்த பழங்குடி மக்கள்மீது நிகழும் வன்முறையில் போய் முடிகிறது. தமிழ் கௌபாய் முதன்முறையாகத் தன் காலடி நிலத்தைக் குனிந்து பார்த்த தருணம் அது என்பேன். கென் அணிந்த தொப்பி ஆணின் அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்கியது என்றால், இந்தப் படத்தின் தொப்பி நிலத்தின் மீதான அதிகாரத்தைக் கேள்விக்குள்ளாக்கியது.

எங்கள் பகுதிக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. தேவதானத்திலிருந்து பார்த்தால் மேற்கு என்பது மேற்குத் தொடர்ச்சி மலை. சாஸ்தா கோயில் ஓடை இறங்கிவரும் காடு. அம்மலைகளில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்துவரும் பளியர்கள் இருக்கிறார்கள். 1988இல் அங்கே சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. காட்டைக் காப்பது அவசியம், ஐயமில்லை. ஆனால், தலைமுறைகளாக அங்கு வாழ்பவர்களின் உரிமையை அங்கீகரிக்க 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டமும் நடைமுறையில் இருக்கிறது. அச்சட்டப்படி கிராமசபையின் வழியே அவர்களது குரல் கேட்கப்பட வேண்டும். அபாச்சியின் பள்ளத்தாக்கைத் திரையில் வியந்து பார்த்த நமக்கு, நம் மலையில் வாழ்பவர்களின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது அழகன்று.

பழைய படங்களை ரசிப்பதில் தவறேதும் இல்லை. ‘ஹை நூன்’ படத்தின் கடிகாரமும் செர்ஜியோ லியோனியின் நீண்ட மௌனங்களும் எனக்கும் விருப்பமானவை. ‘பார்பி’யா, கௌபாயா என்ற தேர்வு நமக்குத் தேவையில்லை. பொம்மைக்கு உடை மாற்றுவது எளிது. அது நிற்கும் மண் யாருடையது என்று கேட்கும் படங்களும், அவ்வாறு கேட்கும் ரசிகர்களும் நமக்கு இன்னும் அதிகமாக வேண்டும்.