உடலின் நீரே தெர்மாமீட்டர்

மனித உடலுக்கு ஒரே வெப்பநிலை கிடையாது. விரல் நுனிகள் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்திருக்கும்போதும் இதயமும் கல்லீரலும் 37 டிகிரியை ஒட்டியே இருக்கும். மருத்துவர் அறிய விரும்புவது இந்த உள்வெப்பத்தைத்தான். அறுவை அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அதற்காக உணவுக்குழாய், மலக்குடல், சிறுநீர்ப்பை, சில வேளை நுரையீரல் தமனிக்குள்ளேயே உணரி பொருத்திய குழாயைச் செலுத்துகிறார்கள். அளவு சரியாகக் கிடைக்கும். ஆனால் நோயாளி படும் தொல்லையும் தொற்று அபாயமும் கூடவே வரும்.

கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டப்பட்ட கருவி அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. அந்தக் கதிர் புறப்படுவது தோலின் மேற்பரப்பிலிருந்து மட்டுமே. ஆழத்தில் உள்ள வெப்பம் அதில் நேரடியாகத் தெரியாது. வெயிலில் நடந்து வந்தவருக்கு ஓர் அளவும், குளிர்சாதன அறையில் இருந்தவருக்கு வேறோர் அளவும் காட்டுவது இதனால்தான். காதுக்குள் வைக்கும் கருவி சற்று மேல். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸைப் போலவே செவிப்பறைக்கும் கழுத்துத் தமனியின் கிளைகள் வழியாகத்தான் ரத்தம் வருகிறது. ஆனாலும் கருவி கொஞ்சம் சாய்ந்தால் செவிப்பறைக்குப் பதில் காதுக்குழாயின் சுவரை அளந்துவிடும்.

1971இல் பிரிட்டனைச் சேர்ந்த ஃபாக்ஸ், சோல்மன் இருவரும் வேறு வழி கண்டார்கள். தோலின் மேல் ஓர் உணரி, அதன் மேல் வெப்பம் கடத்தாத அடுக்கு, அதற்கும் மேல் இன்னோர் உணரி, உச்சியில் சிறிய சூடேற்றி. இரண்டு உணரிகளும் ஒரே அளவைக் காட்டும்வரை சூடேற்றி இயங்கும். அந்த நிலையில் தோல் வழியே வெப்பம் வெளியேற முடியாது. மூடி போட்ட பாத்திரத்தைப் போல, தோலின் சூடு உள்ளே இருக்கும் சூட்டுக்குச் சமமாக உயரும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தின் வெப்பநிலை இப்படி மேலேயே கிடைத்துவிடுகிறது. ரத்த ஓட்டம் மிகுந்த நெற்றியில் ஒட்டினால் அது உள்வெப்பத்துக்கு மிக அருகில் வரும்.

மூளையின் நடுப்பகுதியை எட்ட இதுவும் போதாது. அங்கே கைகொடுப்பது எம்.ஆர்.ஐ. இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு இதுதான் என்று சொல்லலாம், ஏனென்றால் இதில் உடலில் உள்ள தண்ணீரே அளவுகோலாகிறது. காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட நீரின் ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது. சூடு ஏறினால் நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன, அணுக்கருவைச் சூழ்ந்த எலெக்ட்ரான்கள் அதைக் காந்தப்புலத்திலிருந்து இன்னும் நன்றாக மறைக்கின்றன, அதிர்வெண் குறைகிறது. ஒரு டிகிரிக்குப் பத்து கோடியில் ஒரு பங்கு. 1.5 டெஸ்லா கருவியில் நீரின் அதிர்வெண் ஏறத்தாழ 6.4 கோடி ஹெர்ட்ஸ். ஒரு டிகிரி ஏற்றம் அதில் வெறும் 0.64 ஹெர்ட்ஸ் குறைவு. நீரின் இந்த இயல்பை 1966இல் ஹிண்ட்மன் அளந்து காட்டினார். அதை வெப்ப வரைபடமாக்கும் முறை 1990களில் உருவானது.

குவித்த மீயொலியால் திசுவைச் சுட்டழிக்கும் சிகிச்சை இதை நம்பியே நடக்கிறது. கருப்பை நார்க்கட்டிகளுக்கு 2004லும், கைநடுக்க நோய்க்கு 2016லும் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. நடுக்க சிகிச்சையில் மண்டையைத் திறப்பதில்லை. நோயாளி விழித்தே இருப்பார். தலாமஸில் ஒரு சிறு புள்ளியை முதலில் மிதமாகச் சூடாக்கி, நடுக்கம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். இடம் சரிதான் என்று உறுதியான பிறகே சூட்டை 55 டிகிரிக்கு மேல் ஏற்றுவார்கள். சில நொடிக்கொரு முறை வரும் வெப்பப் படம் இல்லாமல் இதில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு அறுப்பதற்குச் சமம்.

குறைகளும் உண்டு. கொழுப்பில் இத்தகைய ஹைட்ரஜன் பிணைப்பு இல்லாததால் அதன் வெப்பம் இம்முறையில் தெரியாது. மூச்சில் அசையும் கல்லீரலை அளப்பது கடினம். தவிர, கிடைப்பது வெப்பநிலையின் மாற்றம் மட்டுமே. உண்மையான வெப்பநிலையை அறிய, மூளையில் இயல்பாகவே உள்ள என்-அசிட்டைல் ஆஸ்பர்டேட் என்ற பொருளோடு நீரை ஒப்பிடுகிறார்கள். அதன் அதிர்வெண் சூட்டால் அநேகமாக மாறுவதில்லை.

இந்த வழியில் நலமான 40 பேரை அளந்த பிரிட்டன் ஆய்வு 2022இல் வெளிவந்தது. மூளையின் சராசரி வெப்பம் 38.5 டிகிரி, ஆழமான பகுதிகளில் 40ஐயும் தாண்டியது. பகலில் ஏறி இரவில் இறங்கும் போக்கும் தென்பட்டது. தலையில் பலத்த காயம்பட்டவர்களின் மூளைக்குள் செருகிய உணரிகள் தந்த பதிவுகளையும் அதே ஆய்வு அலசியது. அவர்களில் இந்த அன்றாட ஏற்ற இறக்கம் இருந்தவர்களுக்கே பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாகக் காணப்பட்டது.