தேநீர்க்கடைப் பேச்சும் தமிழ் முஸ்லிம் உறவும்

அரசியல் என்பது பாராளுமன்றத்திலும் தேர்தல் மேடைகளிலும் மாத்திரம் பேசப்படும் விடயம் என்றே நாம் பொதுவாகக் கருதி வருகின்றோம். ஆனால் ஒரு நாட்டின் சாதாரண மக்கள் அதிக நேரம் அரசியல் பேசும் இடங்கள் வேறு. சந்தியிலுள்ள தேநீர்க்கடையின் வாங்கு, வாசிகசாலையின் பத்திரிகை மேசை, சிகையலங்கார நிலையத்தின் காத்திருப்பு நாற்காலி என்பனவே அந்த இடங்களாகும். அங்கு பேசப்படுபவற்றை 'வெட்டிப் பேச்சு' என்று ஒதுக்கிவிடுவது எமது வழக்கம். எனினும் அப்பேச்சு நின்றுபோன ஊர்களில் என்ன நிகழ்ந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அதன் பெறுமதி என்னவென்பது தெளிவாகும். தமிழ், முஸ்லிம் சமூகங்களின் இன்றைய உறவுநிலையைப் புரிந்துகொள்வதற்கும் இது மிகவும் அவசியமானதாகும்.

வீடு மனிதனின் முதலாவது இடம் என்றும், தொழில் புரியும் தலம் இரண்டாவது இடம் என்றும் கொண்டால், இவ்விரண்டுக்கும் புறம்பாக மக்கள் தாமாகவே வந்து கூடிக் கதைக்கும் இடத்தை 'மூன்றாவது இடம்' என அமெரிக்க சமூகவியலாளரான ரே ஓல்டன்பர்க் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் குறிப்பிட்டார். அத்தகைய இடத்துக்கு உயிர் கொடுப்பவர்கள் அங்கு நாள்தோறும் வரும் வாடிக்கையாளர்களே. அங்கே பதவிக்கும் பணத்துக்கும் பெரிய மதிப்பில்லை. பேச்சே பிரதான வேலை. வருவதற்கு அழைப்பிதழும் தேவையில்லை, போவதற்கு அனுமதியும் தேவையில்லை.

இவ்வாறான கூடல்களை ஆட்சியாளர்கள் ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. 1511 ஆம் ஆண்டில் மக்கா நகரில் சந்தை மேற்பார்வைக்குப் பொறுப்பாகவிருந்த கைர் பேக் என்ற அதிகாரி, இரவு வேளையில் மக்கள் கூடிக் கோப்பி அருந்துவதைக் கண்டு அப்பானத்துக்கே தடை விதித்தார். பின்னர் கெய்ரோவிலிருந்து மம்லூக் சுல்தானின் கட்டளை வந்து சேர்ந்தது. அது கோப்பி அருந்துவோரின் கூட்டங்களைக் கண்டித்ததே தவிர, பானத்தை முற்றாகத் தடை செய்யவில்லை. சிக்கல் கோப்பையில் இருக்கவில்லை, கோப்பையைச் சுற்றி அமர்ந்திருந்தவர்களின் பேச்சிலேயே இருந்தது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். 1633 ஆம் ஆண்டில் உதுமானிய சுல்தான் நான்காம் முராத் இஸ்தான்புல் நகரின் கோப்பிக் கடைகளை மூடுவித்தார்.

இங்கிலாந்தின் நிலையும் இதற்கு மாறானதல்ல. 1652 ஆம் ஆண்டில் லண்டனில் முதலாவது கோப்பிக் கடை திறக்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள் செல்வதற்குள், 1675 டிசம்பர் 29 ஆம் திகதி, இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் கோப்பிக் கடைகள் அனைத்தையும் மூடுமாறு பிரகடனம் செய்தார். அங்கு அரசுக்கு எதிரான பொய்ச் செய்திகள் பரப்பப்படுகின்றன என்பதே கூறப்பட்ட காரணமாகும். தடை 1676 ஜனவரி 10 ஆம் திகதி அமுலுக்கு வரவிருந்தது. ஆனால் எழுந்த எதிர்ப்பினால் அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரேயே மன்னர் அதனைக் கைவிட நேர்ந்தது. ஓர் அரசனின் கட்டளையை விட, மக்களின் அன்றாடப் பழக்கம் வலிமை கூடியதாக இருந்தது.

இக்கடைகளில் கலகப் பேச்சு வளர்கின்றது என்றே ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். ஆனால் இக்கூடல்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவரோடொருவர் கருத்து முரண்பட்டவர்கள் பகைவர்களாக மாறாமல் இருப்பதற்கும் இவையே துணைபுரிந்து வந்துள்ளன. அது எவ்வாறு என்பதை மூன்று காரணங்களால் விளக்கலாம்.

முதலாவது, நாள்தோறும் சந்திப்பவர்கள் ஒருவரையொருவர் கட்சிக்காரராக மட்டும் அறிந்திருப்பதில்லை. எதிர்க்கருத்துச் சொல்பவரின் மகளுக்கு எப்போது திருமணம், அவரது வயல் இம்முறை எவ்வாறு விளைந்தது, அவரது தாயார் எந்த வைத்தியசாலையில் இருக்கின்றார் என்பனவெல்லாம் தெரிந்தே பேசுகின்றார்கள். ஆகவே கருத்தை வெறுத்தாலும் ஆளை வெறுப்பது எளிதாக இருப்பதில்லை.

இரண்டாவது, நாளையும் இதே வாங்கில் அமர வேண்டும் என்ற எண்ணம் இன்று நாவைக் காக்கின்றது. ஒரு தடவை மாத்திரம் சந்திப்பவரிடம் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம். நாளை காலை பத்திரிகையின் நடுப்பக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டியவரிடம் அவ்வாறு சொல்லிவிட முடியாது. வாக்குவாதம் எல்லை மீறும்போது யாராவது ஒருவர் நையாண்டியாக ஒரு வார்த்தை சொல்வார். கடை முதலாளி பேச்சை மழையின் பக்கமோ கிரிக்கெட்டின் பக்கமோ திருப்பிவிடுவார். எழுதப்படாத இந்த விதிகள் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாதபோதிலும் எல்லோராலும் மதிக்கப்படுகின்றன.

மூன்றாவது, இவ்விடங்களில் வதந்திக்குச் சோதனை உண்டு. ஒருவர் ஒரு செய்தியைச் சொன்னால், "நான் நேற்று அங்கேதான் நின்றேன், அப்படி எதுவும் நடக்கவில்லை" என்று கூறுவதற்கு இன்னொருவர் இருப்பார். ஆனால் இது இரு தரப்பாரும் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும்போது மட்டுமே சாத்தியமாகும். ஒரு தரப்பார் மாத்திரம் கூடும் இடத்தில் வதந்தி மறுக்கப்படுவதில்லை, மெருகூட்டப்படுகின்றது.

எமது மண்ணில் இத்தகைய இடங்களுக்குக் குறைவிருக்கவில்லை. வடக்கின் கிராமங்களில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் பத்திரிகை வாசிப்போடு அரசியல் விவாதத்தையும் வளர்த்தெடுத்தன. யாழ்ப்பாண நகரில் சோனகத் தெருவை மையமாகக் கொண்டு வாழ்ந்த முஸ்லிம் மக்கள், நகரின் வர்த்தகத்திலும் அன்றாட வாழ்விலும் பிரிக்கமுடியாத பங்கினை வகித்தனர். கிழக்கிலே காரைதீவையும் நிந்தவூரையும், ஆரையம்பதியையும் காத்தான்குடியையும் போன்று தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், சந்தையும் வயலும் கடற்கரையும் இரு சமூகத்தாருக்கும் பொதுவாகவே இருந்தன. 'பிட்டும் தேங்காய்ப்பூவும் போல' என்று கிழக்கு மக்கள் தமது உறவைச் சொல்லி வந்தது இந்த வாழ்க்கை முறையிலிருந்து பிறந்த வழக்கேயாகும்.

இதனைக் கூறும்போது கடந்த காலத்தைக் குறைகளற்ற பொற்காலமாகச் சித்திரிப்பது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்தின் பல தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நீண்டகாலமாக இடமளிக்கப்படவில்லை. 1957 ஆம் ஆண்டில் சமூக இயலாமைகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேற்றப்பட்ட பின்னரும் இந்நிலை நீடித்தது. 1960 களின் பிற்பகுதியில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தலைமையில் நடைபெற்ற தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களின் மூலமே கதவுகள் திறக்கப்படலாயின. ஒரு கோப்பைத் தேநீருக்காக மக்கள் அடிபடவும் உயிரிழக்கவும் நேர்ந்ததன் காரணம் தேநீரின் ருசி அல்ல. அந்த வாங்கில் சமமாக அமர்ந்து பேசும் உரிமை என்பதே அங்கு கேள்வியாக இருந்தது. அதேபோன்று, இரு சமூகத்துப் பெண்களுக்கும் இவ்விடங்கள் பெரும்பாலும் எட்டாதவையாகவே இருந்து வந்துள்ளன. பொது இடம் என்று நாம் சொல்வது யாருக்குப் பொதுவானது என்ற வினா எப்போதும் கேட்கப்பட வேண்டியதாகும்.

இக்குறைகளுக்கு மத்தியிலும் நிலைத்திருந்த உறவு 1990 ஆம் ஆண்டில் பேரிடியைச் சந்தித்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் ஏறாவூரில் முஸ்லிம்களும் வீரமுனையில் தமிழர்களும் படுகொலை செய்யப்பட்டனர். ஒக்டோபர் மாத இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளினால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மாத்திரமே. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடு, தொழில், பாடசாலை, பள்ளிவாசல் அனைத்தையும் இழந்து பெரும்பாலும் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். அவர்கள் இழந்தவற்றைக் கணக்கிடும் ஆவணங்களில் காணியும் கட்டடமும் இடம்பெறும். ஆனால் நாள்தோறும் அருகருகே அமர்ந்து பேசியவர்களின் பழக்கம் எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. அன்று ஐந்து வயதாகவிருந்த பிள்ளைகள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டனர். மற்றைய சமூகத்தவரில் ஒருவரைக் கூட நண்பர் என்று சொல்லமுடியாத ஒரு தலைமுறை வடக்கில் வளர்ந்துவிட்டது.

2009 ஆம் ஆண்டில் போர் முடிவுக்கு வந்தபோதிலும் பிரிந்துபோன வாங்குகள் தாமாக ஒன்றுசேரவில்லை. பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை எனத் தனித்தனியே கற்கின்றனர். பெரியவர்கள் தத்தமது சந்தியில் தத்தமது செய்தியைப் பேசுகின்றனர். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி இடம்பெற்ற உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் உயிர்கள் பறிக்கப்பட்டதைத் தொடர்ந்து இவ்விடைவெளி மேலும் அகன்றது. ஒரு சிறு குழுவினரின் கொடுஞ்செயலுக்காக ஒரு முழுச் சமூகத்தின் கடைகளைப் புறக்கணிக்குமாறு பல பகுதிகளில் கோரப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கையை முன்வைத்து ஒரு தரப்பினர் உண்ணாவிரதம் இருக்க, அதனை எதிர்த்து மறுதரப்பினர் சத்தியாக்கிரகம் இருந்தனர். நிர்வாக எல்லை பற்றிய கருத்து வேறுபாடு இயல்பானதே. ஆனால் எதிரெதிரே பந்தல் அமைத்த இரு தரப்பினரும் அதற்கு முன்னர் ஒரே மேசையில் அமர்ந்து அதனைப் பேசியிருக்கக்கூடிய இடங்கள் எத்தனை எஞ்சியிருந்தன என்பதே எமது கேள்வியாகும்.

பொதுவான பேச்சு அற்றுப்போன இடத்தில் வதந்தி எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதற்கு அம்பாறை நகரமே உதாரணம். 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அங்குள்ள முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் மாத்திரை கலக்கப்பட்டிருப்பதாகக் கதை கிளப்பப்பட்டது. சிறிது நேரத்திலேயே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது வெறும் மாக்கட்டி என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் உறுதி செய்தது. ஆனால் உண்மை வந்து சேர்வதற்கு முன்னரே சேதம் நிகழ்ந்துவிட்டது. பல இனத்தாரும் உணவருந்த வந்துபோகும் ஒரு கடையே வதந்தியின் பிறப்பிடமாக மாறியது என்பது சிந்திக்கத்தக்கது. ஒரே இடத்தில் உண்பது மாத்திரம் நம்பிக்கையை வளர்த்துவிடாது.

இவ்விடத்தில் அரசியல் விஞ்ஞானியான அஷுதோஷ் வர்ஷ்னி 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் எமக்குப் பெரிதும் பயன்படும். இந்தியாவில் இந்து முஸ்லிம் கலவரங்கள் ஏன் சில நகரங்களில் திரும்பத் திரும்ப வெடிக்கின்றன, ஏன் வேறு சில நகரங்களில் வெடிப்பதில்லை என்பதை அவர் ஆராய்ந்தார். கலவரம் அரிதான கோழிக்கோட்டையும் கலவரத்துக்குப் பேர்போன அலிகாரையும் அவர் ஒப்பிட்டார். சமூக நிகழ்வுகளில் இரு மதத்தாரும் அடிக்கடி ஒன்றாக உணவருந்துவதாகக் கோழிக்கோட்டில் சுமார் 83 வீதமானோர் கூறினர். அலிகாரில் அவ்வாறு கூறியவர்கள் 54 வீதத்தினரே. ஆயினும் அவரது முக்கியமான முடிவு வேறொன்றாகும். அயலவரின் அன்றாடப் பழக்கம் சிறிய கிராமத்தில் அமைதியைக் காப்பதற்குப் போதுமாக இருக்கலாம். நகரத்தில் திட்டமிட்ட வன்செயல் வரும்போது அது தாங்காது. இரு தரப்பாரும் உறுப்பினராகவுள்ள வர்த்தகர் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், வாசிப்புக் கழகங்கள் போன்ற அமைப்புக்கள் இருக்கும் நகரங்களே தாக்குப்பிடித்தன. ஏனெனில் கலவரம் நடந்தால் அவ்வமைப்பிலுள்ள அனைவருக்கும் இழப்பு ஏற்படும். அதனால் வதந்தியை அடக்குவது அவர்களது சொந்தத் தேவையாகிவிடுகின்றது.

எமக்குரிய பாடம் இங்கேதான் உள்ளது. நட்பான பேச்சு வித்து, நிலையான அமைப்பு அதற்கு வேலி. ஒன்றில்லாமல் மற்றையது நிலைக்காது. பேச்சு இல்லாத அமைப்பு கூட்ட அறிக்கை எழுதுவதோடு முடிந்துவிடும். அமைப்பு இல்லாத பேச்சு முதலாவது கல்லெறியில் கலைந்துவிடும். ஆண்டுக்கொரு தடவை பொங்கலன்றோ இப்தார் வேளையிலோ மதத் தலைவர்களை ஒரே மேடையில் அமர்த்திப் படம் பிடிப்பதனால் இவ்விரண்டில் ஒன்றும் உருவாகாது. ஒரே வாய்க்கால் நீரைப் பங்கிடும் விவசாயிகளின் அமைப்பு, ஒரே சந்தையின் வர்த்தகர் சங்கம், ஒரே கடற்கரையின் மீனவர் சங்கம், அடுத்தடுத்த ஊர்களின் விளையாட்டுக் கழகங்கள், இரு ஊருக்கும் நடுவிலுள்ள பொது நூலகம் என்பனவே நாள்தோறும் அல்லது வாரந்தோறும் மக்களைச் சந்திக்க வைக்கும் இடங்களாகும். இவை இனவாரியாகப் பிரிக்கப்படாமல் பேணப்படுவதற்குப் பிரதேச சபைகளும் ஆலய நிர்வாகங்களும் பள்ளிவாசல் சம்மேளனங்களும் முன்வர வேண்டும். வடக்கில் மீளக்குடியேறிய முஸ்லிம் மக்களைப் பொறுத்தவரை, வீட்டுத்திட்டத்தோடு இத்தகைய பொது இடங்களில் அவர்களுக்கு உரிய இருக்கையும் உறுதி செய்யப்படுதல் வேண்டும். அந்த இருக்கைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் இடமிருத்தல் அவசியம்.

அங்கு அரசியல் பேசக் கூடாது என்று விதிப்பதும் தீர்வாகாது. 'அரசியல் பேசாதீர்' என்ற பலகையை மாட்டிவிட்டால் அரசியல் மறைந்துவிடுவதில்லை, மறுப்பதற்கு ஆளில்லாத இடத்துக்குச் சென்றுவிடுகின்றது. காணி, எல்லை, பிரதிநிதித்துவம், 1990 ஆம் ஆண்டின் காயங்கள் ஆகிய அனைத்தும் பேசப்பட வேண்டியவையே. அவற்றை முதன்முதலில் நெருக்கடி வேளையில் அந்நியர்களாகச் சந்தித்துப் பேசுவதைவிட, நெடுநாள் பழகியவர்களாக அமைதி வேளையில் பேசுவது இரு சமூகங்களுக்கும் நன்மை பயக்கும். கருத்து ஒன்றுபட வேண்டிய அவசியமில்லை. முரண்பட்டு எழுந்து சென்றவர் மறுநாள் காலையில் மீண்டும் வந்து அதே வாங்கில் அமரக்கூடிய நிலை இருந்தால், அந்த ஊருக்கு அதுவே பெரும் பாதுகாப்பாகும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.