நதி வழியே நான்கு அனாதைகள்

வரலாறு பேசும் நாவல்கள் – 14

வரலாற்று நாவல் என்றதும் நமக்கு அரண்மனையும் ஒற்றர்களும் போர்க்களமும்தான் நினைவுக்கு வரும். இந்த வாரம் நான் சிபாரிசு செய்யும் நாவலில் ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. பெற்றோரை இழந்த நான்கு பிள்ளைகளும் ஒரு சிறிய துடுப்புப் படகும்தான். அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் கென்ட் க்ரூகர் எழுதி, 2019இல் வெளிவந்த 'திஸ் டெண்டர் லேண்ட்'.

கதை நடப்பது 1932 கோடையில், மின்னசோட்டா மாநிலத்தில். பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையும் நிலமும் பறிபோய் ஜனங்கள் தெருவுக்கு வந்திருந்த நேரம். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வளர்க்கும் லிங்கன் பள்ளியில் வெள்ளைச் சிறுவர்கள் இரண்டே பேர்: 12 வயது ஓடி, அவன் அண்ணன் ஆல்பர்ட். ஒரு கொலை நடந்துவிட, நண்பன் மோஸையும், சூறாவளியில் தாயைப் பறிகொடுத்த சிறுமி எம்மியையும் சேர்த்துக்கொண்டு தப்பி ஓடுகிறார்கள். மிசிசிப்பி வழியே செயின்ட் லூயிஸ் போய் அத்தையைக் கண்டுபிடிப்பதுதான் திட்டம்.

துரத்தல் கதையாகவே முடிந்திருக்கலாம். அப்படி ஆகாமல் காப்பாற்றுவது பாத்திரங்கள்தான். ஓடி வாய் ஓயாத கதைசொல்லி. மௌத் ஆர்கன் வாசித்தே எதிரியையும் இளக வைப்பான். ஆல்பர்ட்டுக்கு எதிலும் கணக்கு, எவர்மீதும் சந்தேகம். நோய் தீர்க்கும் ஜெபக் கூட்டம் நடத்தும் சிஸ்டர் ஈவை ஓடி தாயாகவே பார்க்கிறான். ஆல்பர்ட்டோ அங்கே என்ன பித்தலாட்டம் நடக்கிறது என்று துருவுகிறான். படகு எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்பதை இந்தக் குணபேதம்தான் தீர்மானிக்கிறது.

என்னை அதிகம் பாதித்தவன் மோஸ். சிறு வயதிலேயே நாக்கு அறுக்கப்பட்டவன், சைகையில்தான் பேசுவான். சியூ இனத்தவன், ஆனால் தன் இனத்தின் கதையே அவனுக்குத் தெரியாது. மான்கேட்டோ நகரத்துக்கு வந்த பிறகுதான் அறிகிறான். அரசிடமிருந்து வரவேண்டிய பணம் வராமல் பசியில் வாடிய டகோட்டா மக்கள், அதாவது சியூ இனத்தின் ஒரு கிளையினர், 1862இல் கிளர்ந்தெழுந்தார்கள். போர் அடங்கியதும் 303 பேருக்கு மரண தண்டனை. அதிபர் லிங்கன் பட்டியலைக் குறைத்த பிறகும், டிசம்பர் 26 அன்று 38 பேரை அங்கே ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அந்த லிங்கனின் பெயரைத் தாங்கிய பள்ளியில் வளர்ந்த மோஸ், இதைக் கேட்டபின் பழைய மோஸாக இல்லை. ஆசிரியர் வகுப்பெடுக்கவில்லை, ஒரு பையனின் முகம் மாறுவதைக் காட்டுகிறார், நமக்கு வரலாறு விளங்கிவிடுகிறது.

துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்றவர் க்ரூகர், விறுவிறுப்புக்குக் குறைவில்லை. கடைசிப் பகுதியில் தற்செயல்கள் கொஞ்சம் கூடிப்போகின்றன. ஆனாலும் அதற்குள் அந்த நால்வரும் நம் வீட்டுப் பிள்ளைகளாகிவிடுவதால் மன்னித்துவிடலாம்.

எளிய ஆங்கிலம், சுமார் 450 பக்கம். சவுக்கடியும் பாலியல் கொடுமையும் கதையில் உண்டு. எனவே பதின்ம வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கும் முன் நீங்கள் ஒருமுறை படித்துவிடுங்கள். பிறகு தயங்காமல் கொடுங்கள்.

(தொடரும்)